ஏலகிரி வேண்டாம், ஊரிலேயே கூடுவோம்

எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் கொஞ்ச நாளாக ஒரே பேச்சுதான் ஓடுகிறது. இந்த முறை சந்திப்பை ஏலகிரியில் ரிசார்ட் எடுத்து வைப்பதா, குடியாத்தத்திலேயே ஒரு மண்டபம் பிடித்து வைப்பதா? ஏலகிரி பக்கம்தான் ஆதரவு அதிகம். குளுகுளு என்று இருக்கும், ராத்திரி தங்கலாம், குடும்பத்தோடு வரலாம் என்கிறார்கள். நான் ஊர் என்றேன். ஏன் என்று குழுவில் இரண்டு வரியில் எழுதினால் சரியாகப் போய்ச் சேராது, அதனால் இங்கே விரிவாக எழுதுகிறேன். எங்கள் வகுப்புக்காரர்கள் மட்டுமில்லை, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, ஆற்காடு என்று எங்கே படித்தவராக இருந்தாலும் படித்துப் பாருங்கள்.

நாங்கள் பத்தாவது முடித்தது 1986-இல். எங்கள் டி.சி.யில் மாவட்டம் என்ற இடத்தில் வட ஆற்காடு என்றுதான் இருக்கும். 1989-இல் திருவண்ணாமலை பிரிந்து போனது, 2019-இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. நாங்களும் பிரிந்துதான் போனோம். சென்னை, பெங்களூர், ஓசூர், துபாய், புனே. ஊரிலேயே தங்கிவிட்டவர்கள் கால்வாசிப் பேர் இருப்பார்கள். எல்லோருக்கும் இப்போது ஐம்பத்தைந்தை ஒட்டி வயது. அப்படியென்றால் எங்கள் அப்பா அம்மாக்களுக்கு எழுபத்தைந்தும் எண்பதும் தாண்டிவிட்டது.

குழு ஆரம்பித்த புதிதில் வந்ததெல்லாம் பழைய போட்டோ, கணக்கு வாத்தியாரிடம் வாங்கிய அடி, ஸ்கூல் கேட்டுக்கு வெளியே விற்ற மாங்காய்க் கீற்று, இப்படித்தான். இப்போது வருகிற செய்தி வேறு. "அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன், பி பாசிட்டிவ் ரத்தம் வேண்டும்." "நைனா காலையில் டீ குடிக்கப் போனவர் இன்னும் வீட்டுக்கு வரலை, தரணம்பேட்டை பக்கம் யாராவது இருந்தால் பாருங்கடா." கூடவே இரங்கல் செய்தி, மாதம் தவறாமல்.

ஒன்று சொல்கிறேன், எங்கள் வகுப்பில் யாரும் மறுக்க மாட்டார்கள். நாம் பள்ளிக்கூட நினைவு என்று பேசுவதில் பாதி பள்ளிக்கூடத்தில் நடந்ததே கிடையாது. வீடுகளில் நடந்தது. அதுவும் நம் வீட்டில் இல்லை, அடுத்தவன் வீட்டில்.

எங்கள் ஊரில் அன்றைக்கு மூன்று தொழில். லுங்கித் தறி, பீடி, தீப்பெட்டி. சாயங்காலம் மணி அடித்ததும் விளையாட மைதானத்துக்கு ஓடியவர்கள் கொஞ்சம் பேர்தான். மீதிப் பேர் ஏதாவது ஒரு நண்பன் வீட்டுத் திண்ணையில் இருப்போம். அவன் அம்மா மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருப்பார். இலையை அளவாக வெட்டி, தூளை வைத்து உருட்டி, நூலைக் கட்டி முறத்தில் போடுவார். அதன் வாயை மடித்து மூடுவது எங்கள் வேலை. கட்டு சரியில்லை என்றால் கம்பெனிக்காரன் கழித்துவிடுவான், அதனால் ஒழுங்காக மடி என்று தலையில் ஒரு தட்டு விழும். முடித்ததும் ஒரு தட்டில் எல்லோருக்கும் சோறு. யார் பிள்ளை, எந்தத் தெரு என்றெல்லாம் அந்தத் திண்ணையில் கேட்டதில்லை. தறிக்கார நண்பன் வீட்டில் என்றால் ராட்டையில் தார் சுற்றிக் கொடுப்போம், அதாவது நெசவு நூலைச் சின்னக் குச்சியில் சுற்றித் தருவோம். அவன் அப்பா குழித்தறியில் உட்கார்ந்துகொண்டே வாய்ப்பாடு கேட்பார். பதினாறாம் வாய்ப்பாடு இன்றைக்கும் எனக்குத் தறி ஓசையோடுதான் வரும்.

அதனால்தான் ஏலகிரி வேண்டாம் என்கிறேன். அங்கே போனால் நாம் நூறு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வோம். நம் சின்ன வயதைக் கண்ணால் பார்த்தவர்கள் ஊரில்தான் இருக்கிறார்கள். அவர்களால் இனி மலை ஏற முடியாது.

இன்னொரு காரணமும் இருக்கிறது, அதுதான் எனக்கு முக்கியம். வயதானவர்கள் பெற்ற பிள்ளையிடம் சொல்லாததைப் பிள்ளையின் நண்பனிடம் சொல்வார்கள். இதை நான் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன். புனேயில் இருக்கும் நண்பன் தினமும் அம்மாவுக்கு போன் பண்ணுவான். "எனக்கு இன்னாடா, நல்லாத்தான் கீறேன்" என்று ஒரே பதில்தான் வரும். ஊரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் இன்னொரு நண்பன் தற்செயலாக அந்தத் தெரு வழியே போனவன் உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறான். அவனிடம் அந்த அம்மா மாத்திரை டப்பாவைத் திறந்து காட்டியிருக்கிறார். பிபி மாத்திரை எல்லாம் பாதிப் பாதியாக உடைத்து வைத்திருந்தது. முழுசாகப் போட்டால் சீக்கிரம் தீர்ந்துவிடுமாம், தீர்ந்தால் பிள்ளைக்குத்தானே செலவாம்.

பிள்ளை நன்றாகச் சம்பாதிக்கிறான், மாத்திரை வாங்கித் தரமுடியாதவன் இல்லை. ஆனால் அம்மா மனக்கணக்கு வேறு. ஜெராக்ஸ் கடைக்காரன் அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் பேசி 'மக்களைத் தேடி மருத்துவம்' பட்டியலில் பெயரைச் சேர்த்துவிட்டான். 2021 ஆகஸ்டில் அரசு தொடங்கிய திட்டம். தன்னார்வலர் அக்கா வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து, பிபி, சர்க்கரை மாத்திரையை இலவசமாகக் கொடுத்துவிட்டுப் போகிறார். காசு போகாது என்று தெரிந்த பிறகு முழு மாத்திரை போடுகிறார்.

அதே அம்மாவின் கை. நாற்பது வருடத்துக்கு மேல் பீடி சுற்றிய கை. ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் வழவழவென்று இருக்கும், ரேகை என்று ஒன்று கண்ணுக்கே தெரியாது. ரேஷன் கடையில் விரலை வைத்தால் மெஷின் எடுக்காது. ஒவ்வொரு விரலாக வைத்து, துடைத்து, மறுபடி வைத்து, பின்னால் நிற்பவர்கள் முனகி, கடைசியில் அரிசி வாங்காமலே வீட்டுக்கு வந்திருக்கிறார். ஒரு தடவை இல்லை. இதையும் மகனிடம் சொல்லவில்லை. யாராவது கூடப் போய், கடைக்காரரிடம் பேசி, ஆதாரில் ரேகையைப் புதுப்பிக்க அழைத்துப் போனால் தீர்கிற விஷயம். மறந்துவிடாதீர்கள், பீடி மடிக்க நாம் பக்கத்தில் உட்கார்ந்த அதே கைதான் அது.

அப்புறம் ஆஸ்பத்திரி விஷயம். காட்பாடி ஸ்டேஷனில் எந்த நேரமும் வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் குடும்பம் குடும்பமாக இறங்குகிறார்கள். 1900-இல் ஐடா ஸ்கடர் என்ற டாக்டர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு அவ்வளவு தூரத்திலிருந்து வருகிறார்கள். வேலூரில் லாட்ஜ் இருக்கும் தெருக்களில் வங்காளி எழுத்தில் போர்டு, வங்காளிச் சாப்பாடு. பெற்றவர்களை எங்கிருந்தோ கூட்டி வந்து மாதக்கணக்கில் அறை எடுத்துத் தங்கிப் பார்க்கிறார்கள். நம் அம்மா அப்பாவுக்கு அது ஒரு மணி நேர பஸ் தூரம். இருந்தும் போகாமல் கிடக்கிறார்கள். டோக்கன் எங்கே, எந்தக் கட்டடம், ஸ்கேன் எடுக்க எந்த வரிசை என்று கேட்டுச் சொல்ல கூட ஒரு ஆள் இல்லை, அவ்வளவுதான். பணம் அனுப்ப பிள்ளை இருக்கிறான். கையைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆள் இல்லை.

2021 நவம்பர் மழையை நினைத்துப் பாருங்கள். மோர்தானா அணை நிரம்பி கௌண்டன்ய ஆற்றில் வெள்ளம் வந்தது, பாலாற்றிலும் கரை புரண்டது. பேரணாம்பட்டில் வீடு இடிந்து ஒன்பது பேர் இறந்தது அந்த மழையில்தான். ஆற்றோரம் வீடு இருந்த நண்பர்களின் பெற்றோருக்கு போன் போகவில்லை. வெளியூரில் இருந்தவர்கள் எல்லாம் டிவி முன்னால் உட்கார்ந்து தவித்தோம். அந்த ராத்திரி ஊரில் இருந்த நண்பர்கள் வீடு வீடாகப் போய் ஒவ்வொருவரையும் பார்த்து, வீடியோ எடுத்துக் குழுவில் போட்டார்கள். முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு "உங்க அம்மா மாடியில சேஃபா இருக்காங்க, தூங்கு" என்று ஒரு குரல். எங்கள் குழு தொடங்கியதிலிருந்து அதில் வந்த செய்திகளிலேயே உயர்ந்தது அதுதான் என்பேன்.

சரி, இங்கேதான் நான் சொல்ல வந்த கஷ்டமான பகுதி. இந்த வேலையெல்லாம் யார் தலையில் விழுகிறது? ஊரிலேயே இருப்பவர்கள் தலையில். ஜெராக்ஸ் கடைக்காரன் கடையைச் சாத்தினால் அன்றைய வருமானம் போச்சு. லுங்கி யூனிட் நண்பனுக்கும் அப்படித்தான். தன் அப்பா அம்மாவையும் பார்த்துக்கொண்டு நம் அப்பா அம்மாவையும் பார்க்கிறான். அவன் மட்டுமா? சொல்லப்போனால் அவன் மனைவிதான் கஞ்சி வைத்துக் கொடுத்து அனுப்புகிறார், ஆஸ்பத்திரியில் நம் அம்மாவுக்குத் துணையாக ராத்திரி படுக்கிறார். அவர் நம் வகுப்பில் படித்தவர்கூட இல்லை. சந்திப்பில் மேடை போட்டு, வெளிநாட்டில் இருந்து வந்தவனுக்குப் பொன்னாடை போர்த்துகிறோம். ஊரில் இருப்பவன் மைக் செட்டுக்கும் பந்திக்கும் ஓடிக்கொண்டிருக்கிறான். இது எனக்குச் சகிக்கவில்லை. நன்றி என்று கையெடுத்துக் கும்பிடும் இமோஜி போட்டால் போதாது. ஆட்டோ, பெட்ரோல், கடை சாத்திய நாளின் வருமானம், எல்லாவற்றுக்கும் கணக்குப் பார்த்து, கேட்பதற்கு முன்னால் அனுப்ப வேண்டும். அவன் வேண்டாம் என்றுதான் சொல்வான். அப்படியும் அனுப்ப வேண்டும். ரிசார்ட்டுக்கு ஆளுக்கு இவ்வளவு என்று போடத் தயாராக இருக்கிறோமே, அந்தப் பணத்தைப் பொதுவில் வைத்தால் இதற்குத் தாராளமாக ஆகும்.

நம்மோடு படித்த பெண்களைப் பற்றியும் பேச வேண்டும். கல்யாணமாகிப் போனதோடு பல பேர் ஊர்த் தொடர்பு விட்டுப்போனது. அவர்களுக்கும் அம்மா அப்பா இருக்கிறார்கள். மகன் இல்லாத வீடுகளில் வயதான இரண்டு பேர் தனியாக இருக்கிறார்கள். மகள் வந்து பத்து நாள் தங்க வேண்டும் என்றால் புகுந்த வீட்டில் ஆயிரம் கேள்வி. "உங்க பொண்ணோட ஒண்ணாப் படிச்சவன்மா" என்று நாம் வாசலில் போய் நின்றால் சந்தோஷப்படுவார்கள், கொஞ்சம் தயங்கவும் செய்வார்கள். அதனால் மனைவியையோ அக்கா தங்கையையோ கூட்டிக்கொண்டு போங்கள். குழுவில் தோழிகள் ஒன்றும் பேசாமல் இருந்தால் அவர்களுக்கு எதுவும் தேவையில்லை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

ஒரு எல்லையும் இருக்கிறது. சொத்துப் பேச்சுக்குள் நாம் போகக்கூடாது. அண்ணன் தம்பி தகராறில் ஒருத்தனுக்குத் தூது போனால் அன்றோடு அந்த வீட்டுக் கதவு நமக்கு மூடிவிடும். நிஜமாகவே சோறு போடாமல் விட்டிருக்கிறார்கள், எழுதி வாங்கிக்கொண்டு துரத்தியிருக்கிறார்கள் என்றால் அதற்குச் சட்டம் இருக்கிறது. 2007-ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம், வக்கீல் தேவையில்லை. மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் உத்தரவிடலாம். பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, பார்த்துக்கொள்ளாவிட்டால் ரத்து செய்யவும் அதில் வழி இருக்கிறது. முதியோருக்கு 14567 என்ற இலவச உதவி எண்ணும் உண்டு. நண்பனாக நாம் செய்யக்கூடியது அந்த எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிக் கொடுப்பது. சாப்பாட்டுக்குப் பணம் வாங்கித் தர சட்டத்தால் முடியும். பக்கத்தில் உட்கார்ந்து, "நீ வாய்ப்பாடு தப்பா சொன்னா தார்க்குச்சியால அடிப்பேனே, ஞாபகம் கீதாடா" என்று சொல்பவரின் பேச்சைக் கேட்க எந்தச் சட்டமும் ஆள் அனுப்பாது. அந்தத் தறிக்கார அப்பாவுக்கு இப்போது காது சரியாகக் கேட்பதில்லை. முட்டி மடங்காது. ஆனால் எங்கள் வகுப்பில் யார் எந்தத் தெரு, யார் அப்பா என்ன வேலை பார்த்தார் என்று ஒன்று விடாமல் சொல்கிறார். எங்கள் யாருக்கும் அவ்வளவு நினைவில்லை.

ஆக, என் யோசனை இதுதான். வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு எப்படியும் பாதிப் பேர் ஊருக்கு வருகிறோம். சந்திப்பை அதற்கு அடுத்த நாள் குடியாத்தத்திலேயே வைத்துக்கொள்வோம். காலையில் மண்டபம், பேச்சு, பிரியாணி எல்லாம் இருக்கட்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. வெயில் தாழ்ந்ததும் நாலைந்து பேராகப் பிரிந்து தெருத் தெருவாக நண்பர்கள் வீட்டுக்குப் போவோம். முக்கியமாக, அன்றைக்கு வர முடியாதவர்களின் வீட்டுக்கு. பழம், ஹார்லிக்ஸ் என்று சம்பிரதாயத்துக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம், பாதி வீட்டில் சர்க்கரை வியாதி இருக்கிறது. ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினால் போதும்.

அதற்கு முன்னால் குழுவில் இருப்பவர்கள் ஒவ்வொருவரும் ஒரு காரியம் செய்யுங்கள். அப்பா அம்மா பெயர், வீட்டு முகவரி, சாப்பிடும் மாத்திரை, பார்க்கும் டாக்டர், ரத்த வகை, சாவி கொடுத்து வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் நம்பர், இத்தனையும் எழுதி ஜெராக்ஸ் கடை நண்பனுக்குத் தனியாக அனுப்புங்கள். பொதுக் குழுவில் போடாதீர்கள், ஊரில் இருக்கும் நண்பர்களிடம் மட்டும் இருக்கட்டும். அப்பா அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு அனுப்புங்கள், அவர்களுக்குச் சம்மதமா என்று. பெற்றவர்களை இழந்துவிட்டவர்கள் நமக்கென்ன என்று ஒதுங்க வேண்டாம். நேரம் கொடுக்க முடிந்தால் உங்கள் பெயரைச் சொல்லுங்கள், தனியாக இருக்கும் வீடுகள் நிறைய இருக்கின்றன.