டி டிரைவில் ஆக்கிரமிப்பு

(பத்திரப்பதிவு அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வுபெற்ற பெரியப்பா. கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்யும் தம்பி மகள் செல்வி. நடுவில் லேப்டாப்.)

பெரியப்பா: வாம்மா செல்வி. காப்பி அப்புறம் குடிக்கலாம், முதல்ல இந்தச் சிவப்புக் கோட்டைப் பாரு. டி டிரைவ் ரொம்பிடுச்சுன்னு மூலையில வந்து வந்து கத்திக்கிட்டே இருக்கு.

செல்வி: பேரைப் பாத்தீங்களா? ‘ரெகவரி’ன்னு போட்டிருக்கு. அது உங்களுக்காக விட்ட இடம் இல்ல பெரியப்பா.

பெரியப்பா: மொத்தம் 18 ஜிபி, வாங்கினப்போ அதுல 2 ஜிபி சும்மா கிடந்துச்சு. கேக்க ஆள் இல்ல. புறம்போக்குன்னு நினைச்சேன்.

செல்வி: மிச்ச 16 ஜிபி கம்பெனிக்காரன் வச்ச ஒரிஜினல் விண்டோஸ். சிஸ்டம் படுத்துட்டா, வாங்கின அன்னைக்கு இருந்த மாதிரி திருப்பி ஏத்துறதுக்கு. அதனால கடையில இருந்து வரும்போதே நிரம்பினாப்லதான் வரும். காலி இடம் 10 சதவீதத்துக்குக் கீழ போனா கோடு சிவப்பாகும், அது ஒரு விஷயமே இல்ல. மூலையில செய்தி வருதுன்னா 200 எம்பி கூட மிச்சம் இல்லைன்னு அர்த்தம். அங்கதான் யாரோ புதுசா குடிவந்திருக்காங்க.

பெரியப்பா: யாரும் வரல. நம்ம சாமான் கொஞ்சம்.

செல்வி: என்ன சாமான்?

பெரியப்பா: சுமதி கல்யாண ஃபோட்டோ. சி-ல மட்டும் இருந்தா ஏதாவது ஆயிடும்னு டி-ல ஒரு பிரதி போட்டு வச்சேன்.

செல்வி: சி-யும் டி-யும் ஒரே ஹார்ட் டிஸ்க்தான். டிஸ்க் போச்சுன்னா ரெண்டு பிரதியும் சேர்ந்தே போகும்.

பெரியப்பா: ஓ, சர்வே நம்பர் ஒண்ணு, உட்பிரிவு மட்டும் வேறயா? வில்லங்கம் பாக்காம போட்டுட்டேனே. சரி, நான் ஒண்ணும் தெரியாதவன் இல்ல. நேத்தே 1 ஜிபி ஃபோட்டோவை அழிச்சுப் பாத்தேன். கோடு இம்மி நகரல.

செல்வி: ரீசைக்கிள் பின்னைக் காலி பண்ணீங்களா?

பெரியப்பா: அது டெஸ்க்டாப்புல இருக்கு. டெஸ்க்டாப் சி-ல இருக்கு. டி-க்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

செல்வி: ஐகான்தான் ஒண்ணு. உள்ள ஒவ்வொரு டிரைவுக்கும் மறைவா தனித்தனிக் குப்பை ஃபோல்டர் உண்டு. டி-ல அழிச்சது டி-யிலேயேதான் கிடக்கும், இடத்தையும் விடாது. பின்னைக் காலி பண்ணணும், இல்லைன்னா ஷிஃப்டை அழுத்திக்கிட்டு டெலீட் அடிக்கணும்.

பெரியப்பா: அப்படியா! இந்தா ‘ப்ரீலோட்’னு ஒரு ஃபோல்டர் இருக்கே. இதுதான் பெரிய முதலை. ஷிஃப்ட்...

செல்வி: கையை எடுங்க! அதுதான் அந்த ஒரிஜினல் விண்டோஸ். அது போச்சுன்னா மிச்சம் இருக்கறது வெறும் பேர்ப் பலகைதான். ‘ரெகவரி’, ‘பூட்’ங்கற ஃபோல்டரையும் தொடக்கூடாது. சுருக்கி வைக்கலாம்னு டிரைவை கம்ப்ரஸ் பண்ணவும் வேண்டாம், அந்த இமேஜே, அதாவது விண்டோஸோட மொத்தப் பிரதியே, ஏற்கெனவே சுருக்கினதுதான், இடம் ஒண்ணும் மிஞ்சாது.

பெரியப்பா: உரிமையாளர் யாரு, ஆக்கிரமிப்பாளர் யாருன்னு எப்படிம்மா கண்டுபிடிக்கறது?

செல்வி: தேதியைப் பாருங்க. லேப்டாப் வாங்கினதுக்கு முந்தின தேதியில இருக்கறதெல்லாம் பெரும்பாலும் கம்பெனியோடது. அதுக்கப்புறம் வந்ததை விசாரிக்கணும். இப்ப வியூ மெனுவுல ‘ஹிடன் ஐட்டம்ஸ்’ டிக் பண்றேன். இதோ, ‘மீடியாஐடி’ன்னு குட்டியா ஒரு ஃபைல். பக்கத்துல உங்க கம்ப்யூட்டர் பேர்லயே ஒரு ஃபோல்டர். ரெண்டும் விண்டோஸ் பேக்கப் விட்ட தடம். சத்தியமா சொல்லுங்க, பேக்கப் ஏதாவது போட்டீங்களா?

பெரியப்பா: போன மாசம் பேக்கப் எடுக்கட்டுமான்னு கேட்டுது. நல்ல காரியம்தானேன்னு சரின்னேன். எங்க வைக்கட்டும்னுது. டி-ன்னேன். ஏதோ இங்கிலீஷ்ல எச்சரிக்கை வந்துச்சு. நெக்ஸ்ட் அழுத்திட்டேன்.

செல்வி: அந்த எச்சரிக்கைதான் ‘இது ரெண்டும் ஒரே டிஸ்க்’னு சொன்னது. 2 ஜிபி இடத்துக்கு 80 ஜிபியை எடுத்து வைக்கச் சொல்லியிருக்கீங்க. வாரா வாரம் முயற்சி பண்ணிட்டு வாசல்ல விழுந்து கிடக்கு.

பெரியப்பா: அந்த ஃபோல்டரை அழிச்சுடு, தீர்ந்துது.

செல்வி: அழிச்சா அடுத்த வாரமே திரும்ப வரும். முதல்ல கன்ட்ரோல் பேனல்ல ‘பேக்கப் அண்ட் ரீஸ்டோர்’ போய் இடப்பக்கம் ‘டர்ன் ஆஃப் ஷெட்யூல்’. அப்புறம் ‘மேனேஜ் ஸ்பேஸ்’ல போய் பழைய பேக்கப்பை அழிக்கணும். இன்னொரு ஆளும் இருக்கார். சிஸ்டம் ப்ரொடெக்‌ஷன்ல டி-க்கு நேரா ‘ஆன்’னு இருக்கு பாருங்க. ரீஸ்டோர் பாயின்ட், அதாவது பழைய நிலைக்குத் திரும்பறதுக்கான பதிவெல்லாம் இங்க சேருது. டி-யைத் தேர்ந்தெடுத்து, கான்ஃபிகர், டிசேபிள், டெலீட். சி-ல மட்டும் ஆன்லயே இருக்கணும், அது உயிர்காக்குற சங்கதி. உங்க ஃபோட்டோ எல்லாம் கட் பண்ணி வெளி ஹார்ட் டிஸ்க்குல. இப்ப எஃப்5 அடிச்சுப் புதுப்பிக்கறேன்.

பெரியப்பா: அடேங்கப்பா, 1.9 ஜிபி காலி! ஆனா கோடு கொஞ்சம்தானே குறைஞ்சிருக்கு?

செல்வி: இனி அது அப்படித்தான் நிக்கும். அதோட உண்மையான அளவே அவ்வளவுதான்.

பெரியப்பா: ஒரு யோசனை. டி-யை மொத்தமா இடிச்சுட்டு சி-யோட சேத்துட்டா?

செல்வி: செய்யலாம். ஒரிஜினல் விண்டோஸைப் பென்டிரைவ்ல ஏத்தின பிறகு. ஆனா டிஸ்க் மேனேஜ்மென்ட்டைப் பாருங்க: சி, பக்கத்துல பேரில்லாத ஒரு 500 எம்பி ரெகவரி, அதுக்கு அந்தாண்ட டி. விண்டோஸ் சி-யை நீட்டணும்னா காலி இடம் சி-க்கு வலது பக்கம் ஒட்டி இருக்கணும். நடுவுல இந்த 500 எம்பி உக்காந்திருக்கற வரைக்கும் ‘எக்ஸ்டெண்ட்’ மங்கலாவே இருக்கும்.

பெரியப்பா: நடுவுல அடுத்தவன் பட்டா. புரியுது, இப்படி நூறு கேஸ் பாத்திருக்கேன். அவன் யாரு?

செல்வி: விண்டோஸ் கிளம்ப மாட்டேன்னு அடம்பிடிச்சா ரிப்பேருக்கு வர்ற ஆள். டி-க்கும் அவருக்கும் குழப்பிக்காதீங்க, தனித்தனி. 2018-ல ஒரு அப்டேட் வந்தப்போ நிறைய மெஷின்ல இவருக்குத் தானா ஒரு டிரைவ் எழுத்து கிடைச்சு, ‘இடம் இல்லை’ன்னு இதே மாதிரி கத்தினார். வைத்தியம் அந்த எழுத்தைப் பிடுங்கறதுதான். டிஸ்க்பார்ட்ங்கற கமாண்ட் டூல்ல லிஸ்ட் வால்யூம் போட்டு, அந்த வால்யூமைத் தேர்ந்தெடுத்து, ரிமூவ் லெட்டர். உள்ள இருக்கறதுக்கு ஒண்ணும் ஆகாது. 2024 ஜனவரியில இவருக்கு வந்த அப்டேட் 5034441 இருக்கே, அது இன்னும் கூத்து. உள்ள 250 எம்பி காலியா இல்லைன்னா ஏறல, 80070643-ல முடியுற ஒரு எண்ணைக் காட்டிட்டு விழுந்துச்சு.

பெரியப்பா: அந்த எண் என் டைரியில இருக்கு! போன் நம்பர்னு நினைச்சு ஒருதடவை கூப்பிட்டும் பாத்தேன்.

செல்வி: ...அதைச் சரிபண்ண சி-ல 250 எம்பி சுருக்கி, இந்த 500 எம்பி பார்ட்டிஷனை அழிச்சுப் பெருசாக் கட்டணும். ஆனா முதல்ல ‘ரீஏஜென்ட்சி டிசேபிள்’னு கமாண்ட் போட்டாத்தான் உள்ள இருக்கிற ஃபைல் பத்திரமா சி-க்குத் திரும்பி வரும். அதை மறந்துட்டு இடிச்சா ரிப்பேர்காரர் இடிபாட்டோட போயிடுவார். கட்டினபிறகு ‘எனேபிள்’. டிஸ்க்கைப் பூட்டுற பிட்லாக்கர் போட்டிருந்தா அதோட கீயையும் கையில எழுதி வச்சுக்கணும். நீங்க தனியா இறங்காதீங்க, ஒரு நம்பர் மாறினா சி-யே போகும்.

பெரியப்பா: பென்டிரைவ் சமாச்சாரத்தை மட்டும் இன்னைக்கே முடிச்சுடலாம். 8 ஜிபி போதும்ல?

செல்வி: இமேஜே 16. அதனால 32 ஜிபி. இந்த டி-ல இருக்கற ஒரிஜினலை எடுக்கணும்னா கம்பெனியோட ரெகவரி டூல்லதான் எடுக்கணும். விண்டோஸ்ல இருக்கற ‘கிரியேட் எ ரெகவரி டிரைவ்’ வேற சங்கதி. சில மாடல்ல கம்பெனி டூல் ஒரே ஒரு தடவைதான் எடுக்க விடும், அதனால லொடக்குப் பென்டிரைவ் வேண்டாம். சார்ஜர் போட்டிருக்கா? எடுக்கறதுக்கு நேரமாகும்.

பெரியப்பா: போட்டிருக்கு. இந்தா 32 ஜிபி. நல்ல கம்பெனி.

செல்வி: ‘இதில் உள்ள எல்லாம் அழியும்’னு கேக்குது. உள்ள ஏதாவது இருக்கா?

பெரியப்பா: ஒண்ணும் இல்ல. உங்க பெரியம்மாவோட பக்திப் பாட்டு ஒரு 300 இருக்கு. அழுத்து.

செல்வி: முதல்ல காப்பி எடுத்துடறேன்.

பெரியப்பா: வேண்டாம்மா. காலையில 5 மணிக்கே ஆரம்பிச்சுடுது. சட்டப்படி எச்சரிக்கை கொடுத்தாச்சு, நானும் ஒப்புக்கிட்டேன், அழுத்து.

செல்வி: பெரியப்பா, பெரியம்மா உங்க பின்னாடிதான் நிக்கறாங்க.

பெரியப்பா: ...ரெண்டு காப்பியா எடும்மா.