நான்கு நாள் லீவுக்கு எந்தத் தீவு?

அக்கா மகளோடு திரெங்கானுவின் பெர்ஹெந்தியான் தீவுக்கு டைவிங் போகிறேன் என்று சனிக்கிழமை நான் போட்ட படத்துக்குக் கீழே நடந்ததை உங்களில் பாதிப் பேர் பார்த்துவிட்டீர்கள். மீதிப் பேர் இன்பாக்ஸில் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். அங்கே கிண்டல் செய்த அண்ணனின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. அவர் எழுதியதை நீக்கவும் மாட்டேன், அது அப்படியே இருக்கட்டும். மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை.

"பெர்ஹெந்தியானா? அது ஸ்னோர்க்கல் கூட்டம் போற இடம் தங்கச்சி. டைவிங்னா சிப்பாடான். இல்லைன்னா வீட்டுலயே இருக்கலாம்." அவர் எழுதியது இவ்வளவுதான். (ஸ்னோர்க்கல் என்றால் மேலே மிதந்தபடி குழாயில் மூச்சு விட்டுப் பார்ப்பது. டைவிங் என்றால் காற்று டேங்கோடு ஆழத்தில் இறங்குவது. சிப்பாடான் சபாவில் இருக்கிற தீவு.) அதற்குக் கீழே சிரிப்புக் குறி போட்டவர்களில் என் கல்யாணத்துக்கு வந்து சாப்பிட்டவர்களும் இருக்கிறார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்களுக்கு இருப்பது மெர்டேக்கா (சுதந்திர தின) விடுமுறையோடு ஒரு நாள் லீவு சேர்த்து நான்கு நாள். வெள்ளி முதல் திங்கள் வரை. இந்த நான்கு நாளுக்குள் தீவைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் எண்ண வேண்டியது தண்ணீருக்குள் இருக்கப்போகிற நேரத்தை. தீவின் பெயரை எண்ணி ஒரு பயனும் இல்லை.

சிப்பாடானுக்கு எப்படிப் போவது? கோலாலம்பூரிலிருந்து தாவாவுக்கு விமானத்தில் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். அங்கிருந்து செம்போர்னாவுக்குச் சாலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல். 2004க்குப் பிறகு சிப்பாடானில் யாரும் இரவு தங்க முடியாது, எனவே செம்போர்னாவிலோ பக்கத்துத் தீவான மாபுலிலோ தங்கி, தினமும் படகில் போய்வர வேண்டும். அதற்கும் நாளுக்கு இத்தனை பேர் என்று கணக்கு வைத்துத்தான் அனுமதி தருகிறார்கள். விடுமுறைக் காலத்தில் கடைசி நேரத்தில் கேட்டால் ஒரு நாள் கிடைப்பதே பெரிது. வெள்ளிக்கிழமை பயணத்திலேயே போய்விடும். திரும்பும் விமானம் திங்கள் காலையில் என்றால் ஞாயிறு மதியத்தோடு டேங்கைக் கழற்றி வைத்துவிட வேண்டும். டைவ் செய்கிற எல்லோருக்கும் இது தெரியும். ஆழத்தில் மூச்சு விடும்போது நைட்ரஜன் உடம்பில் கரைந்து தங்கிவிடுகிறது. அது வெளியேறுவதற்குள் விமானத்தில் ஏறினால் அங்கே காற்றழுத்தம் குறையும்போது குமிழியாகப் பிரிந்து மூட்டுகளையும் நரம்புகளையும் தாக்கும். பல நாள் தொடர்ந்து டைவ் செய்தவர் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது பொது விதி.

ஆக நான்கு நாளில் முழுசாகக் கையில் நிற்பது ஒரு சனிக்கிழமையும் ஓர் அரை ஞாயிறும். இதற்கு இரண்டு விமான டிக்கெட்.

பெர்ஹெந்தியானுக்கு வியாழன் இரவு கோலாலம்பூர் டிபிஎஸ் பஸ் நிலையத்தில் ஏறினால் விடியும்போது கோல பெசுட் ஜெட்டி. அங்கிருந்து படகில் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. வெள்ளி மதியம் தண்ணீரில் இருப்போம். சனி முழுவதும், ஞாயிறு முழுவதும் டைவிங். திங்கள் மதியம் பஸ். மலை ஏறினாலும் காற்றழுத்தம் குறையும், ஆனால் திரும்பும் வழியில் காராக் மலைச்சாலை ஏறும்போது, கடைசி டைவ் முடிந்து ஒரு நாளுக்கு மேல் ஆகியிருக்கும். (பினாங்கிலிருந்து வருகிற நண்பர்களுக்கு: கெரிக் வழியாகக் காரில் திரும்பினால் அந்த மலைப்பாதையின் உயரத்தையும் கணக்கில் வையுங்கள். டைவ் முடிந்த கையோடு அதில் ஏறாதீர்கள்.)

நாட்களைப் பார்த்துத்தான் தீவு. இதைத்தான் அன்றைக்கும் பொறுமையாகப் பதில் எழுதினேன். "காசு பத்தலைன்னா அப்படியே சொல்லலாமே" என்று வந்தது பதில்.

சிப்பாடானை நான் குறைத்துப் பேசுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஆறு நாள் லீவு போட்டுப் போயிருக்கிறேன். அங்கே பரக்குடா பாயிண்ட் என்ற டைவ் இடத்தில் வெள்ளி நிறத்தில் மீன்கள் கோபுரம் போலச் சுழன்று எழுந்ததைப் பார்த்து மாஸ்க்குக்குள்ளேயே அழுதேன். உலகத்தில் எத்தனையோ பேர் கனவு காண்கிற இடம் நம் சபாவில் இருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன், அதற்கு உரிய நாட்களைக் கொடுத்துப் போக வேண்டும். கரையிலிருந்து கொஞ்சம் தள்ளினாலே சுவர்போல 600 மீட்டர் இறங்குகிற கடல் அது. கீழே தரை தெரியாது. நீரோட்டம் பிடித்தால் இழுத்துக்கொண்டு போகும். என்னோடு வருவது என் அக்கா மகள். வயது 19. ஜூன் மாதம்தான் லைசென்ஸ் எடுத்தாள். பயிற்சியில் செய்த நான்கு டைவ்தான் அவளுடைய மொத்த அனுபவம், 18 மீட்டர்தான் அவளுக்கு எல்லை. அவளை அந்தச் சுவரின் விளிம்பில் கொண்டுபோய் நிறுத்தச் சொல்கிறாரா அண்ணன்?

பெர்ஹெந்தியானில் அவளுக்கு எல்லாம் இருக்கிறது. தெலுக் பாவ் விரிகுடாவில் கடற்புல் மேய வரும் பச்சை ஆமைகள் இருக்கின்றன. சர்க்கரை ஏற்றிவந்து 2000ஆம் ஆண்டில் மூழ்கிய கப்பல் ஒன்று பக்கவாட்டில் படுத்துக் கிடக்கிறது, அதுவும் அவளுடைய எல்லைக்குள்ளேயே. தோக்கோங் லாவுட் பாறையின் இடுக்கில் மூங்கில் சுறாக்கள் படுத்திருக்கும். புதிதாகக் கற்றவளுக்கு இது குறைச்சலா?

"பவளமெல்லாம் வெளுத்துப் போச்சு, அங்கே என்ன இருக்கு" என்று ஒருவர் கேட்டிருந்தார். வெளுத்தது உண்மை. 2010இல் கடல் சூடாகி வெளுத்தபோது பெர்ஹெந்தியான், ரெடாங், தியோமான் மூன்று தீவுகளிலும் சில டைவ் இடங்களை அரசாங்கமே கொஞ்ச காலம் மூடியது. 2024இலும் உலகம் முழுவதும் வெளுத்தது. பெர்ஹெந்தியானின் லாங் பீச் கடற்கரையில் கூட்டமும் குப்பையும் இருப்பதும் உண்மைதான். ஆனால் அடிபட்ட கடல் என்றால் போய்ப் பார்க்கவே கூடாதா? வீட்டில் நோயாளி இருந்தால் நாம் அந்த வாசலை மிதிக்காமல் இருக்கிறோமா?

லங்காவி ஏன் வேண்டாம், பங்கோர் ஏன் வேண்டாம் என்று கேட்டவர்களுக்கு: மலாக்கா நீரிணையின் தண்ணீர் கலங்கலானது. கெடாவின் பாயார் தீவு ஒரு நாள் பயணத்துக்குப் பரவாயில்லை. தியோமான் என்று சொன்ன தம்பி சொன்னது நியாயமான யோசனை. ஆனால் அங்கே போகப் படகு ஏறுகிற மெர்சிங்கில் கடல் ஏற்றத்தைப் பார்த்துத்தான் படகு நேரம் வைப்பார்கள், எங்கள் பஸ் நேரத்தோடு அது ஒத்துவரவில்லை. தீபாவளிக்குப் பிறகு போகலாமே என்றவர்களே, நவம்பரில் வடகிழக்குப் பருவக்காற்று வந்துவிடும், கிழக்குக் கரைத் தீவுகளில் பெரும்பாலான கடைகளும் தங்கும் இடங்களும் பிப்ரவரி வரை பூட்டியிருக்கும்.

இதற்கெல்லாம் பதில் சொல்ல முடிகிறது. பதில் சொல்ல முடியாமல் என்னைத் தூங்கவிடாமல் செய்தது அந்த அண்ணனின் இரண்டாவது பதிவுதான். "பொம்பளப் புள்ளையக் கூட்டிக்கிட்டு கடல்ல குதிக்கிறதெல்லாம் நமக்குத் தேவையா?"

நமக்கு என்றால் யாருக்கு அண்ணே?

என் அம்மாவின் அண்ணன் கம்பார் பக்கத்தில் ஈயம் தோண்டிய ஒரு குட்டையில் மூழ்கி இறந்தார். பன்னிரண்டு வயது. எஸ்டேட் பையன்கள் நான்கு பேர் குளிக்கப் போனார்கள், மூன்று பேர் திரும்பி வந்தார்கள். அதன்பிறகு எங்கள் வீட்டில் தண்ணீர் என்றால் வாளித் தண்ணீர்தான். போர்ட் டிக்சனுக்குப் பள்ளியில் கூட்டிப்போனபோதும் நான் மணலில் உட்கார்ந்துதான் இருந்தேன். 36 வயதில், செந்தூலிலிருந்து பஸ் பிடித்துப் போய், ஆறு வயதுக் குழந்தைகளோடு நின்று நீச்சல் கற்றேன். முதல் டைவில் மாஸ்க்கில் தண்ணீர் புகுந்தபோது மாமாவின் முகம்தான் வந்தது, நான் பார்த்தே இராத முகம். பயிற்சி கொடுத்த மலாய்க்காரப் பெண் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, நான் மூச்சை நிதானப்படுத்தும்வரை என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது நடந்தது பெர்ஹெந்தியானில். நீங்கள் சிரித்த அதே இடத்தில்.

நீந்தத் தெரிந்திருந்தால் மாமா பிழைத்திருப்பாரோ என்னவோ. நம் பிள்ளைகளை இன்னும் தண்ணீரிலிருந்து இழுத்து வைத்துக்கொண்டே இருக்கிறோம், பெண் பிள்ளை என்றால் இரண்டு மடங்கு. ஒருத்தி தானாகக் கற்று, பகுதி நேர வேலையில் காசு சேர்த்து, லைசென்ஸும் எடுத்து வந்தால், அவளிடம் சொல்வதற்கு நம்மிடம் இருப்பது இதுதானா? கறுத்துப் போவாளாம், நாளைக்கு யார் கட்டுவார்களாம். இதை எழுதியது ஓர் அக்கா. அவருக்கும் நான் பதில் எழுதவில்லை.

அவள் எல்லாவற்றையும் படித்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை என்னிடம் வந்து, "சின்னம்மா, அவங்க சொல்றது சரியா? நாம வேணும்னா விட்டுடலாமா?" என்று கேட்டாள். கடலில் இறங்கப் பயப்படாத பெண், உங்கள் சிரிப்புக் குறியைப் பார்த்துப் பயந்துவிட்டாள். எனக்கு வலித்தது அதுதான். சிப்பாடானா பெர்ஹெந்தியானா என்பதை எப்போதும் பேசிக்கொள்ளலாம்.

விடவில்லை. வியாழன் இரவு பஸ், டிக்கெட் எடுத்தாகிவிட்டது.

நேற்றிரவு அம்மா, துணி மடித்துக்கொண்டிருந்த என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எவ்வளவு ஆழம் போவீர்கள் என்று கேட்டார். இதுவரை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. பதினெட்டு மீட்டர் என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் எழுந்து போய் அலமாரியைத் திறந்து, பஸ்ஸில் குளிரும், பிள்ளைக்கு இதைக் கொடு என்று தன் போர்வையை எடுத்து என் பையின் மேல் வைத்தார்.