முகாமுக்கு முழு ஆதார் எண் எதற்கு?

சாரணர், என்எஸ்எஸ் (நாட்டு நலப்பணித் திட்டம்) மாதிரி அமைப்புகளில் பிள்ளைகளின் விவரங்களை ஹேக்கர்கள் திருடிவிடலாம் என்று நான் படித்த ஒரு கட்டுரை எச்சரிக்கிறது. சரிதான். ஆனால் நடப்பில் ஹேக்கர் வரைக்கும் போகவே வேண்டாம், வாட்ஸ்அப் குழுவே போதும்.

என் மகள் போன முகாமுக்கு (எந்த அமைப்பு என்பது இங்கே வேண்டாம்) பெற்றோர் குழுவில் ஒரு எக்செல் ஃபைல் போட்டார்கள். "அவங்கவங்க பிள்ளை விவரம் சரியான்னு பாத்துக்கோங்க" என்று கூடவே ஒரு குறிப்பு. பெயர், பிறந்த தேதி, வீட்டு முகவரி, முழு ஆதார் எண், கடைசி நெடுவரிசையில் மருந்து விவரம். ஒரு பையனுக்கு நேராக "வலிப்பு மாத்திரை" என்று இருந்தது. அத்தனை வீட்டுக்கும் அது தெரிந்துபோனது. பொறுப்பாசிரியர் தங்கமான மனிதர், கெட்ட எண்ணம் கொஞ்சமும் கிடையாது. அதனால்தான் யாரும் கேட்கவும் இல்லை.

2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டவர்களின் விவரங்களுக்குப் பெற்றோர் ஒப்புதலைக் கேட்கிறது; மீறினால் அபராதம் 200 கோடி ரூபாய் வரை. விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, முழுதாக அமலாக இன்னும் அவகாசம் உண்டு. ஆனால் முகாமுக்குக் கையெழுத்துப் போட்ட பெற்றோர், பிள்ளையின் நோயை ஊரார் படிக்கவா சம்மதித்தார்கள்?

கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் ஆதாரை ஆதார் இணையதளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம், காசு கிடையாது. முகாம் நடத்துபவர்களே, மருந்து விவரத்தைத் தனித்தாளில் எழுதி வாங்கி, முதலுதவி பார்ப்பவரிடம் கொடுத்து, முகாம் முடிந்ததும் கிழித்துப் போடுங்கள்.