செயின்ட் ஹெலினா: விமானமே இறங்காத விமான நிலையமா?

"285 மில்லியன் பவுண்டு கொட்டிக் கட்டினார்கள், ஒரு விமானம்கூட இறங்க முடியாது." தெற்கு அட்லாண்டிக் தீவான செயின்ட் ஹெலினாவைப் பற்றி இப்படியொரு செய்தி இன்னும் சுற்றுகிறது. பொய். 2016இல் பாதி உண்மையாக இருந்தது. ஓடுபாதையின் வடக்கு முனையில் செங்குத்துப் பாறைகளைச் சுற்றிச் சுழலும் காற்று, சோதனைக்கு வந்த போயிங் 737ஐ அலைக்கழித்தது. மூன்றாவது முயற்சியில்தான் தரை தொட்டது. திறப்பு தள்ளிப்போனது, உலகமே சிரித்தது.

அடுத்து நடந்ததை மட்டும் யாரும் பகிர்வதில்லை! 2017 அக்டோபர் 14 அன்று தென்னாப்பிரிக்க விமான நிறுவனமான ஏர்லிங்கின் எம்ப்ரேயர் 190 விமானம், ஜொகன்னஸ்பர்க்கிலிருந்து முதல் பயணிகள் சேவையாக வந்து இறங்கியது. கேப் டவுனிலிருந்து ஐந்தாறு நாள் கடலில் ஆடி வந்த அஞ்சல் கப்பல் 2018இல் ஓய்வு பெற்றது. மூடுபனியால் சில விமானங்கள் தாமதமாவது மட்டும் இன்றும் உண்மைதான்.