அரசர்கள் வரிசையில் ஒரு கற்றச்சர்

பிராக் நகரின் புனித விட்டஸ் பேராலயத்தைப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை, அதைக் கட்டிய கற்றச்சர்களில் ஒருவரான பீட்டர் பார்லரை, முந்தையவர் விட்ட வேலையைத் தொடர்ந்தவர் என்று ஒரே வரியில் கடந்துவிடுகிறது. மனம் ஒப்பவில்லை. அந்த முந்தைய கற்றச்சரான அராஸ் ஊர் மத்தியாஸ் 1352இல் இறந்தபின், பேரரசர் நான்காம் சார்லஸ் இருபதுகளில் இருந்த இந்த இளைஞரை நம்பித்தானே பணியைக் கொடுத்தார்! 1385இல் முடிந்த பலிபீடப் பகுதியின் கூரையை அண்ணாந்து பாருங்கள். வளைவுக் கூரையின் கல் விலாக்கள் வலை பின்னியதுபோல ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு ஓடும். கட்டம் கட்டமாகப் பிரித்துக் காட்டும் பிரெஞ்சுக் கோதிக் (இடைக்கால ஐரோப்பியக் கட்டடப் பாணி) வழக்கத்தை அங்கே அவர் துணிந்து விட்டுவிட்டார்.

எனக்கு நெஞ்சில் நிற்பது இன்னொன்று. மேல்மாட நடைவழியில் பேரரசர், அரசியர், பேராயர்களின் மார்பளவுச் சிலைகளோடு மத்தியாஸும் பார்லரும் இருக்கிறார்கள். கற்றச்சருக்கு அரச குடும்பத்தோடு சரிசமமாய் இடம்! பார்லர் மறைந்தது 1399இல். பேராலயம் முழுமை பெற்றது 1929இல்.