பிடித்துச் செய்கிறேன், சும்மா அல்ல

ஞாயிற்றுக்கிழமை இணையக் கூட்டத்தில் இருந்தவர்களுக்கு நான் ஏன் புகைந்துகொண்டிருக்கிறேன் என்று விளக்க வேண்டியதில்லை. 32 பக்கப் படக்கதைக்குப் படம் வரைந்து தரச் சொன்னார்கள், அட்டை தனி. "எவ்வளவு தருவீர்கள்?" என்று கேட்டேன். "உங்களுக்குத்தான் இது ரொம்பப் பிடித்த வேலையாச்சே!" என்று பதில் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

சம்பளத்தைவிட மனசுக்குப் பிடித்ததே போதும் என்று வந்தவன்தான் நான். அது என் வீட்டுக் கணக்கு. உங்களுக்கான தள்ளுபடி இல்லை.

ஆறு வருடம் தணிக்கை வேலையில் இருந்தேன். நல்ல சம்பளம், நல்ல மனிதர்கள். கணக்குத்தாள் ஓரத்தில் யானை வரைந்துகொண்டிருப்பேன். ஒருநாள் மேலாளர் பார்த்துவிட்டு, "யானை நல்லா இருக்கு, கூட்டல் தப்பு" என்றார். (இன்றுவரை எனக்குக் கிடைத்த நேர்மையான விமர்சனம் அதுதான்.) வேலையை விட்டேன். வருமானம் பாதிக்கும் கீழே போனது. தெரிந்தேதான் இறங்கினேன், யாரிடமும் புலம்பவில்லை.

"காசை நினைத்தால் கலை செத்துவிடும்" என்று ஒருவர் தனிச்செய்தியில் வந்தார். கூடவே 1973இல் ஸ்டான்ஃபோர்டு மழலையர் பள்ளியில் நடந்த ஆய்வையும் காட்டினார். படம் வரையப் பிடித்த குழந்தைகளிடம் "வரைந்தால் பரிசு" என்று முன்பே சொல்லி, பரிசையும் கொடுத்தார்கள். அப்புறம் அந்தக் குழந்தைகள் தாமாக வரைகிற நேரம் மற்றவர்களுடையதில் ஏறக்குறைய பாதியாகிவிட்டது. உண்மைதான். ஆனால் அண்ணன் பாதியோடு நிறுத்திவிட்டார். முன்கூட்டியே சொல்லாமல் அதே பரிசைப் பெற்ற குழந்தைகளுக்கு ஆசை குறையவில்லை. தவிர, அந்தக் குழந்தைகள் யாரும் வாடகை கட்டவில்லை.

சரி, ஆய்வுதான் வேண்டும் என்றால் நானும் சொல்கிறேன். 2009இல் மிருகக்காட்சிசாலைப் பராமரிப்பாளர்களைப் பற்றி ஒரு ஆய்வு வந்தது. இந்த வேலைக்கென்றே பிறந்தோம் என்று நினைப்பவர்களுக்கு வேலையில் நிறைவு அதிகம். பணத்தையும் சொந்த நேரத்தையும் விட்டுக்கொடுப்பதும் அவர்கள்தான் அதிகம். நிர்வாகம் அதைச் சுரண்ட இடமிருக்கிறது என்றும் எழுதியிருக்கிறார்கள். 2020இல் வந்த இன்னொன்று அப்படியே நம் ஞாயிற்றுக்கிழமை. ஆசையோடு வேலை செய்கிறவர்களிடம் சம்பளமில்லாமல் கூடுதல் வேலை வாங்குவது அவ்வளவு தப்பில்லை என்று மற்றவர்களுக்குத் தோன்றுகிறதாம். காரணம்? "வேலையே அவர்களுக்குச் சம்பளம்தானே!"

"அப்படியானால் பழைய வேலைக்கே போக வேண்டியதுதானே?" போக மாட்டேன். அடுத்த கேள்வி.

"புதிதாக வருகிறவர்கள் முதலில் சும்மா செய்துதானே பெயர் வாங்க முடியும்?" இதற்குத்தான் என்னிடம் நல்ல பதில் இல்லை. நானும் செய்தேன், இரண்டு வருடம். எனக்குப் பின் வந்த ஒரு பெண் கூலி கேட்டபோது, "அவரே சும்மா செய்துகொடுத்தாரே" என்று என் பெயரைச் சொல்லித்தான் வாயை அடைத்திருக்கிறார்கள். அவளே பிறகு சொன்னாள், கோபமில்லாமல். அன்று முதல்தான் நான் முதல் பேச்சிலேயே தொகையைக் கேட்கிறேன். அதற்குப் பெயர் பணத்தாசை என்றால் அப்படியே இருக்கட்டும்.

உண்மையைச் சொன்னால், காசு கிடைக்காதது பெரிதில்லை. முதலில் சிரித்தவன் என் நண்பன். அவன் மகளின் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் வாழ்த்து அட்டை வரைந்து கொடுப்பவன் நான். அதற்கு ஒரு நாளும் காசு கேட்டதில்லை, கேட்கவும் தோன்றியதில்லை. அந்த வித்தியாசம் அவனுக்கே தெரியவில்லை என்றால் மற்றவர்களிடம் போய் என்ன பேச?

நேற்று இரவு அந்தக் கதையைத் திரும்பப் படித்தேன். மூன்றாம் பக்கத்தில் ஒரு கிழட்டு ஆமை வருகிறது. கை சும்மா இருக்கவில்லை, வரைந்துவிட்டேன். கழுத்துச் சுருக்கம் அவ்வளவு நன்றாக வந்திருக்கிறது.

அனுப்பப் போவதில்லை.