பழைய முகவரி எங்கே போகும்?

போன மாதம் ஒரு மருத்துவமனையின் பதிவு கவுண்டரில் நின்றேன். திரையில் இருந்த என் முகவரியை அங்கிருந்த பெண் வாசித்தார். எட்டு வருடத்துக்கு முன்பே காலி செய்த வீடு. மாற்றச் சொன்னேன். அதை அழித்துவிட்டுப் புதியதைத் தட்டினார். “பழையது எங்கேயாவது இருக்குமா?” என்றேன். “அது எதுக்கு சார்?” என்றார். பின்னால் வரிசை நீண்டிருந்தது, பேசாமல் நகர்ந்துவிட்டேன். அவரிடம் சொல்லாமல் வந்ததுதான் இந்தப் பதிவு.

யாருக்கு என்ன நோய் என்ற கணக்கு ஓரிடத்தில் இருக்கிறது. தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது, எந்த ஆலை எதைக் கக்குகிறது என்ற கணக்கு வேறிடத்தில். இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறோம். எதை வைத்துச் சேர்ப்பது? மாசுப் பதிவேட்டில் மனிதர்களின் பெயர் கிடையாது. இரண்டிலும் பொதுவாக இருப்பது இடமும் தேதியும்தான்.

1854இல் லண்டனில் காலரா. அது தண்ணீரால் பரவுகிறது என்று காட்டிய மருத்துவர் ஜான் ஸ்னோ என்றதும், நோயைப் பரப்பியதாக அவர் கண்டுபிடித்த ஒரு தெருப் பம்புதான் பலருக்கும் நினைவுக்கு வரும். எனக்கு, அவர் அதே சமயத்தில் தெற்கு லண்டனில் செய்த வேலைதான் பெரிது. அங்கே ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகளுக்கு இரண்டு கம்பெனிகள் தண்ணீர் விட்டன. லாம்பெத் கம்பெனி தண்ணீர் எடுக்கும் இடத்தை 1852லேயே தேம்ஸ் ஆற்றின் மேல்பகுதிக்கு மாற்றிவிட்டது. சவுத்வார்க் அண்ட் வாக்ஸால் கம்பெனி மட்டும் சாக்கடை கலந்த ஆற்றுநீரையே எடுத்துக்கொண்டிருந்தது. இறந்தவர்களின் முகவரி அரசுப் பதிவேட்டில் கிடைத்தது. அந்த வீட்டுக்கு யார் தண்ணீர் என்று கேட்டால் குடியிருந்த பலருக்குத் தெரியவில்லை. சரி என்று ஒரு குப்பியில் தண்ணீரைப் பிடித்து உப்பைக் காட்டிக்கொடுக்கும் சில்வர் நைட்ரேட் விட்டுப் பார்த்தார். நிறைய உப்பு தெரிந்தால் அது சவுத்வார்க் தண்ணீர். கடைசியில், அந்தக் கம்பெனி பக்கம் 10,000 வீட்டுக்கு 315 சாவு, லாம்பெத் பக்கம் 37.

முகவரி துல்லியமாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரம் இருக்கிறது. 2014இல் குடிநீரை ஆற்றுக்கு மாற்றினார்கள், குழாய் அரிப்பைத் தடுக்கும் மருந்தைச் சேர்க்கவில்லை, பழைய குழாய்களின் ஈயம் தண்ணீரில் இறங்கியது. குழந்தைகளின் ரத்தப் பரிசோதனை முடிவுகள் ஏற்கெனவே கையில் இருந்தன. ஆனால் அஞ்சல் குறியீட்டை வைத்துக் கூட்டினால், அந்தத் தண்ணீரே போகாத பக்கத்து ஊர் வீடுகளும் உள்ளே வந்துவிடும், பாதிப்பு நீர்த்துப்போகும். குழந்தை மருத்துவர் மோனா ஹன்னா-அட்டிஷா குழு ஒவ்வொரு குழந்தையின் வீட்டையும் வரைபடத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் படம் தெளிந்தது. ரத்தத்தில் ஈயம் கூடுதலாக இருந்த குழந்தைகள் 2.4 சதவீதத்திலிருந்து 4.9 ஆகியிருந்தார்கள்.

இதெல்லாம் சீக்கிரம் வெளியே தெரிகிற பாதிப்பு. கல்நாரால் (ஆஸ்பெஸ்டாஸ்) வரும் மீசோதீலியோமா புற்றுநோய் தலைகாட்ட இருபது, முப்பது, நாற்பது வருடம் கூட ஆகும். அப்போது நோயாளி வேறு ஊரில் இருப்பார், பதிவேட்டில் அந்த ஊர்தான் இருக்கும். டென்மார்க்கில் 1968 முதல் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு, வீடு மாறினால் அதுவும் பதிவாகும். அங்கே இப்படிப்பட்ட ஆய்வுகள் நிறைய நடப்பதில் ஆச்சரியமே இல்லை.

இணைத்தவுடன் எல்லாம் விளங்கிவிடும் என்றும் நான் நம்பவில்லை. ஒரு தெருவில் நான்கு பேருக்குப் புற்றுநோய் என்பது வெறும் தற்செயலாகவும் இருக்கலாம். நோய் வந்த வீடுகளைச் சுற்றி முதலில் வட்டம் போட்டுவிட்டு, அப்புறம் நடுவில் ஆலையைத் தேடினால் எங்கும் ஏதோ ஒரு ஆலை கிடைக்கும்.

அந்தரங்கம் பற்றிக் கேட்பவர்கள் சொல்வது நியாயமான பயம். பெயரை நீக்கினால் போதும் என்பது சும்மா பேச்சு. அஞ்சல் குறியீடு, பிறந்த தேதி, பாலினம் மூன்றை மட்டும் வைத்தே அமெரிக்கர்களில் 87 சதவீதம் பேரைத் தனியாக அடையாளம் காண முடியும் என்று கணினி ஆய்வாளர் லதான்யா ஸ்வீனி கணக்கிட்டுக் காட்டினார். ஆகவே வீட்டு அளவிலான இணைப்பு பூட்டிய அறைக்குள் நடக்கட்டும், வெளியே வருவது பகுதிவாரிக் கூட்டுத்தொகையாக மட்டும் இருக்கட்டும். அந்தப் பூட்டிய அறைக்குள்ளாவது, நான் காலி செய்த வீடும் காலி செய்த தேதியும் இருக்க வேண்டும். அதற்குப் புதிய கருவி எதுவும் வேண்டாம், கவுண்டர் திரையில் இன்னொரு வரி போதும்.